நிச்சயம் என்று நாம் எதைச் சொல்கிறோம்?

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டினால் மூலக்குளம். அங்கே ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்பும், தூண் ஓரமாக ஓர் இளைஞர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைக்க வந்த மோதினாரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவரை அருகில் அழைத்து விவரம் கேட்டோம்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். ஒண்ணும் சொல்லாம இருந்தா பொய் சொன்ன மாதிரி ஆகுமா?"

"எதைப் பத்தித் தம்பி?"

விஷயம் இதுதான். அவருக்குப் பெண் பார்த்து நிச்சயமும் நடந்துவிட்டது. நிக்காஹுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்றாண்டுகளாக ஒப்பந்தத்தில் வேலை பார்த்து வந்தார். வருடா வருடம் புதுப்பிப்பார்கள். இந்த வருடம் புதுப்பிக்கவில்லை. பெண் வீட்டாருக்கு இது தெரியாது. "நிக்காஹ் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதே, அதுக்குள்ள அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்" என்று அவருடைய தாயார் சொல்லியிருக்கிறார்.

நம்மைப் போன்றவர்களின் நாவில் சில வார்த்தைகள் எப்போதும் தயாராக இருக்கும். ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹுத் தஆலா ஒருவனே என்றும், கம்பெனி வெறும் சபபு மட்டுமே என்றும், முஃமினுக்குத் தவக்குல் வேண்டும் என்றும் சரளமாக எடுத்துச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தவக்குல் எனக்கு இருக்கு ஹஜ்ரத். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இருக்கணுமே!"

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் வெட்கம் வந்தது. அவர் கேட்டது ரிஜ்கைப் பற்றிய கேள்வியல்ல, அமானிதத்தைப் பற்றிய கேள்வி. தொண்டையில் முள் சிக்கியவனுக்குக் கண்ணுக்கு மருந்திட்ட கதையாக இருந்தது நம் பதில். இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த இரண்டு நாளும் இதையே சிந்தித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிந்தனையைத்தான் வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

தமிழில் பெண் பேசி முடிப்பதை 'நிச்சயம்' என்கிறோம். சந்தேகமின்மைக்கும் அதே சொல்தான். அக்காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன போலும். பையன் எந்தத் தெருவில் இருப்பான், எந்தத் தொழில் செய்வான், எந்த வயதில் எந்த நிலையில் இருப்பான் என்பதெல்லாம் பெண்ணைப் பெற்றவருக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. இன்று சொல் மட்டும் இருக்கிறது.

ஆனால் பெரியவர்கள் பெருமூச்சு விடும் அந்தப் பழைய நிச்சயம் எவ்வளவு பழையது? நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 1898-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதுவும், சவானா மில் என்று பெயர் பெற்றிருந்த சுதேசி மில்லும், பாரதி மில்லும் ஒரு காலத்தில் இந்நகரின் ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரித்தன. பதிலியாக நுழைந்து, நிரந்தரமாகி, தகப்பனார் ஓய்வு பெற்றால் மகன் அந்த இடத்தில் நிற்பான் என்ற நம்பிக்கையோடு குடும்பங்கள் வாழ்ந்தன. 'மில்லுக்காரர்' என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். நம்மிடம் வந்த இளைஞரின் பாட்டனாரும் அப்படிப் பெண் கட்டியவர்தானாம்.

அந்த நிச்சயம் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1936 ஜூலை 30-ஆம் நாள் வேலை நிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் காவல் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1937-இல், எட்டு மணி நேர வேலை என்பது இங்கே நடைமுறைக்கு வந்தது. இரத்தம் சிந்திப் பெற்ற ஒரு ஏற்பாட்டை, பிறகு வந்தவர்கள் இயற்கையின் நியதி என்று எண்ணிக்கொண்டார்கள். நஷ்டத்தில் விழுந்த ரோடியர் மில்லை 1980-களில் அரசே ஏற்று நடத்தியது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயல் அதைப் பெரிதும் சேதப்படுத்தியது. 2020 ஏப்ரலோடு மில் அடியோடு மூடப்பட்டது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை நூற்று இருபத்திரண்டு ஆண்டுகள். அதிலும் உழைப்பவனுக்கு நிம்மதி தந்த காலம் இரண்டு தலைமுறை இருக்கலாம்.

மற்றொரு நிச்சயம் பிரெஞ்சுக்காரர் வழியாக வந்தது. அந்நாட்டுப் படையில் பணி செய்து ஓய்வூதியம் வாங்கியவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்களில் பலர் அந்தக் கொடியின் நிழலில் சைகோனுக்குப் போய் வணிகம் செய்தார்கள். அந்நகரின் நடுவே 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. கட்டியவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளும் அதில் தொழுவார்கள் என்று எண்ணித்தானே கல்லை வைத்திருப்பார்கள்! 1975-இல் சைகோன் வீழ்ந்த பின் அங்கிருந்த இந்திய வணிகர்கள் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். இங்கேயோ, 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி முழுமை பெற்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. இன்று அண்ணனின் பேரன் பாரீசில் இருக்கிறார். தம்பியின் பேரன் அரும்பார்த்தபுரத்தில் இருக்கிறார். கையெழுத்திட்டவரும் இடாதவரும் நாளையை அறிந்தா செய்தார்கள்? ஆறு மாதத்துக்குள் முடிவு செய்யச் சொன்னார்கள், செய்தார்கள்.

பிறகு அரபு நாடுகள். 1990 ஆகஸ்டில் குவைத் மீது ஈராக் படையெடுத்தபோது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானம் ஏற்றிக் கொண்டு வர வேண்டியிருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முந்தைய மாதம் 'குவைத் மாப்பிள்ளை' என்று பெண் நிச்சயமாகியிருந்ததோ, அல்லாஹ்வே அறிவான்.

எனவே, "எங்கள் காலத்தில் எல்லாம் உறுதியாக இருந்தது; இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நிலை இல்லை" என்று மூத்தவர்கள் கூறுவதை நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. நாளை என்ன சம்பாதிக்கப் போகிறோம் என்பது எந்த உயிருக்கும் தெரியாது என்பதை சூரா லுக்மானின் இறுதி வசனத்தில் ஓதி வரும் சமுதாயம் இது. மில்லுக்குள் இருந்தவனுக்கும் அது தெரியாது. தெரியும் என்று எண்ணிக்கொள்ள வசதியாக இருந்தது, அவ்வளவே.

அப்படியானால் இக்காலத்தில் புதிதாக எதுவுமே இல்லையா? உண்டு. அன்று மில் நின்றால் ஒரு தெருவே நின்றது. சங்கு ஊதவில்லை என்றால் ஊருக்கே தெரியும். சங்கத்துக் கொடியின் கீழ் நூறு பேரோடு உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் "நீ ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று கேட்பதில்லை. இன்று ஒருவனுக்கு வேலை போவது செல்பேசியில் வரும் ஒரு செய்தியால். பக்கத்து மேசைக்காரனுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது. காலையில் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்களை நாம் அறிவோம். அன்று நிச்சயமின்மை ஊர்ப் பொதுவாக இருந்தது. இன்று அது தனி மனிதனின் இரகசியமாகிவிட்டது. இரகசியமானதால்தான் மறைக்கும் வழியும் பிறந்தது. அந்த இளைஞரின் பாட்டனார் விரும்பியிருந்தாலும் மறைத்திருக்க முடியாது. ஆதலால் இப்படி ஒரு மஸ்அலாவும் அவருக்கு எழுந்திராது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நிலையின்மை முழுவதையும் நாம் சாபமாகக் கருதவில்லை. தகப்பன் செய்ததையே மகன் செய்ய வேண்டும் என்ற கட்டு அவிழ்ந்ததனால்தான், மூட்டை தூக்கியவரின் மகள் இன்று மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்கிறாள். பாதை முன்கூட்டியே போடப்பட்டிருந்த காலத்தில் பலருக்கு அந்தப் பாதையே சிறையாகவும் இருந்தது. சாதாரணமாக இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிற்க. மஸ்அலாவுக்கு வருவோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலின் அருகே சென்று, அதனுள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. ஏன் என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் வியாபாரப் பாடத்தில் ஓதினோம். இன்று வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. மழை பெய்தது அந்த வணிகரின் குற்றமல்ல. தானியம் நனைந்ததும் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதது மழை. அதை நிக்காஹ் வரை மறைத்து வைப்பது ஈரத்தை அடியில் தள்ளுவது. நாளை தெரியாதிருப்பது வேறு. இன்று தெரிந்ததைச் சொல்லாதிருப்பது வேறு. முன்னதற்கு மனிதன் பொறுப்பாளி அல்லன்.

"நிக்காஹ் வியாபாரமா?" என்று கேட்கலாம். அல்லதான். ஆனால் அதிலும் தற்போதைய நிலையைத் திறந்து சொல்வதே சுன்னத்தான வழி. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மை இருவர் பெண் கேட்டிருப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் தெரிவித்தபோது, அவ்விருவரில் ஒருவரான முஆவியா (ரலி) அவர்களிடம் செல்வம் இல்லை என்பதை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி ஆலோசனை கூறினார்கள். பெண்ணுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதோடு மற்றொன்றையும் கவனியுங்கள். கையில் காசில்லாதவர் என்று அன்று சொல்லப்பட்ட அதே முஆவியா (ரலி) அவர்கள் பின்னாளில் டமாஸ்கஸிலிருந்து பெரும் நிலப்பரப்பை ஆண்டார்கள். சொல்லப்பட்டது இன்றைய நிலை. நாளைக்கு யாரும் முத்திரை குத்தவில்லை.

இங்கேதான் பெண்ணைப் பெற்றவர்களிடமும் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளையின் தகுதியை ஆராய்ந்த ஃபுகஹாக்கள் 'குஃப்வு' என்ற பாடத்தில் பொருளாதாரத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் செல்வத்தைக் குஃப்வில் கணக்கிடுவதில்லை என்பதே வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் கணக்கிடுகிறார்கள், ஆனால் எவ்வளவு? துர்ருல் முக்தார் என்ற புகழ் பெற்ற கிதாபில் அதற்கு அளவே கொடுக்கப்பட்டிருக்கிறது. உடனே கொடுக்க வேண்டிய மஹருக்கு வசதி வேண்டும். அத்துடன், கைத்தொழில் இல்லாதவனாயின் ஒரு மாதத்துச் செலவுக்கு வகை வேண்டும். கைத்தொழில் உள்ளவனாயின் அன்றன்றைக்கு அவளுக்குப் போதுமானதைச் சம்பாதித்தால் போதும். ஒரு மாதம், சகோதரர்களே! நாமோ முப்பது வருடத்துக்கு உத்தரவாதம் கேட்கிறோம். அரசாங்க உத்தியோகம் உண்டா, சொந்த வீடு உண்டா, பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா என்று கேட்கிறோம். இமாம்கள் கேட்காததை நாம் கேட்டுவிட்டு, அதற்குப் பேணுதல் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். உண்மை சொன்னால் சம்பந்தம் முறியும் என்ற நிலையை உண்டாக்கி வைத்திருப்பவர்கள் நாம். அதன் பிறகு, இளைஞர்கள் மறைக்கிறார்கள் என்று மேடையில் முழங்குவதும் நாமே. அந்தத் தாயார் மகனை வாய் மூடச் சொன்னார் என்றால், அந்த அச்சத்தை அவருக்குக் கற்பித்தது யார்?

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்தபோது அவர்களிடம் இருந்ததென்ன? ஊரை விட்டுத் தப்பி வந்தவர். வேலை இல்லை, உறவில்லை, நிழலில் ஒதுங்கி இறைவனிடம் கையேந்தி நின்றவர். அவர்களைப் பற்றி அந்தப் பெண்மணி தம் தகப்பனாரிடம் எடுத்துச் சொன்ன தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகம். கிணற்றடியில் கண்ணால் கண்டதைச் சொன்னார். அந்தப் பெரியவரும் எட்டு ஆண்டு வேலை என்று பேசி, பத்தாக நிறைவு செய்வதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விட்டார். ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியையே திறந்து வைத்திருந்தார் அவர்! அதற்குப் பிறகு அந்த மருமகன் எங்கே போவார், யாரை எதிர்த்து நிற்பார் என்பது அந்த வீட்டில் எவருக்குத் தெரியும்?

நாளையை அறிந்துவிட வேண்டும் என்ற இந்த ஆவல் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டிருக்கிறது. "இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்று நம்மிடம் வருகிறார்கள். பச்சை தெரிந்தால் நல்லது, கறுப்பு தெரிந்தால் கெட்டது என்று கனவுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பார்த்துச் சொல்பவர்களும் முளைத்திருக்கிறார்கள். குர்ஆனின் சூராவைக் கற்பிப்பது போலவே இஸ்திகாராவை நாயகம் (ஸல்) அவர்கள் தங்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தேவையுடையவன் தானே இரண்டு ரக்அத் தொழுது தானே கேட்க வேண்டிய துஆ அது. எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதே அதன் உயிர். அறியாமையை ஒப்புக்கொள்ளக் கற்றுத் தந்த தொழுகையை, குறி கேட்கும் கருவியாக்கிவிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. "பொண்ணு வேலைக்குப் போவுதா?" என்று இப்போது அவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகனின் வேலை ஆடினால் மருமகளின் சம்பளம் தாங்கும் என்ற கணக்கு. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது சதக்காவாகுமா என்று கேட்டு, அதற்கு இரட்டைக் கூலி உண்டு என்ற பதிலைப் பெற்றார்கள். சதக்கா என்றால் மனமுவந்து கொடுப்பது. பெண் பார்க்கும்போதே கேட்டு வாங்குவதற்கு வேறு பெயர்.

ஜமாஅத்தைப் பற்றியும் ஒரு சொல். பைத்துல் மால் வைத்திருக்கும் ஊர்களில், ஏழைப் பெண்ணின் கலியாணச் செலவுக்குக் கொடுக்கிறோம், நல்லதே. ஆனால் ஒரு வேலை போய் மறு வேலை கிடைப்பதற்கு இடையிலுள்ள மூன்று நான்கு மாதத்துக்கு, வாடகைக்கும் அரிசிக்கும் கர்ளு ஹஸனாவாகக் கொடுக்க எத்தனை ஊரில் ஏற்பாடு இருக்கிறது? கலியாணத்துக்குப் பின் குடும்பங்கள் வட்டிக்காரனின் கையிலும், செல்பேசியில் கடன் தரும் கம்பெனிகளின் கையிலும் விழுவது பெரும்பாலும் அந்த மூன்று மாதங்களில்தான். மாதம் பிறந்தால் சம்பளமோ ஓய்வூதியமோ வந்துவிடும் என்ற நிலையில் இருந்துகொண்டு, வேலை போனவனுக்குத் தவக்குலை உபதேசிப்பது எளிது. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

சொன்னபடி இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர் வந்தார். சொல்லிவிடுங்கள் என்றோம். "முறிஞ்சிட்டா?" என்று கேட்டார். முறியாது என்று நாம் உறுதி கூறவில்லை; அது நமக்குத் தெரியாது. தனியாகப் போக வேண்டாம், நாமும் வருகிறோம் என்று மட்டும் சொன்னோம்.

ஜும்ஆவுக்குப் பிறகு சென்றோம். பெண்ணின் தகப்பனாருக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட வருத்தம் அதிகம். "ஒரு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி, பத்திரிகை அடிக்கக் கொடுத்துட்டேனே" என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், நான் எதை நம்பிக் குடுக்கறது?" என்றார். துர்ருல் முக்தாரின் ஒரு மாதக் கணக்கை அவரிடம் சொன்னோம். அவர் நம்பாததுபோல் பார்த்தார், உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது மகள் கேட்கச் சொன்னதாக ஒரே கேள்வியைக் கொண்டு வந்தார்: கடன் ஏதாவது இருக்கிறதா? இளைஞர் ஒளிக்காமல் சொன்னார். மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கி.

நிக்காஹ் மூன்று மாதம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பத்திரிகைகள் அச்சாகிவிட்டன, தேதியை மட்டும் ஒட்டுத்தாளில் மாற்றிக்கொள்வதாகத் தகப்பனார் சொல்லியிருக்கிறார். இளைஞர் தற்போது தம் தாய்மாமாவின் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். தொழில் இன்னும் முழுதாகப் படியவில்லை, கையில் இரண்டு இடத்தில் தீக்காயம். சென்ற வாரம் மஃரிபுக்கு வந்தபோது பார்த்தோம். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம், நடந்துதான் வந்தார்.